ஜவுளிக்கடையில் பன்னிரண்டு ஸ்டூல்கள்: பிரிவு 22-ஏ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டூல்களின் அடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் நீல பிளாஸ்டிக். மாடிப்படிக்குக் கீழே காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்தார்கள். மேல் ஸ்டூலில் தூசி படிந்திருந்தது. "வாங்கிட்டோம் சார், பில் ஃபைல்ல இருக்கு" என்றார் மேனேஜர். பில்லும் இருந்தது. ஊழியர்களுக்கு இருக்கை வசதி உண்டா என்ற கேள்விக்கு நேரே நான் 'உண்டு' என்று எழுதினால் அன்றைய வேலை முடிந்தது.

கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் தொழிலாளர் சட்டப் பதிவேடுகளை எழுதி, சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் என் கையில்தான் போகும். எனக்குக் கூலி கொடுப்பவர் முதலாளி. நான் எழுதும் பதிவேட்டில் பெயராக இருப்பவர் தொழிலாளி. இரண்டு பக்கத்தையும் அருகில் இருந்து பார்க்க முடிகிறது. ஒரு சட்டம் காகிதத்திலிருந்து கடைத் தளம்வரை வந்து சேர்வதற்குள் என்னவாகிறது என்பதை இந்த ஒரு கடையை வைத்துச் சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன். கடையின் பெயரும் ஊரும் வேண்டாம். மூன்று மாடி, நாற்பத்துச் சொச்சம் விற்பனை ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள். அவ்வளவு போதும்.

சட்டம் வந்த வழி

2021 செப்டம்பர் 6 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு சின்ன மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்ப்பதுதான் அதன் நோக்கம். பிரிவும் ஒரே வாக்கியம்தான். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் அவர்கள் பயன்படுத்திக்கொள்ளவும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்க்கவும் இந்த வசதி. கேரளத்துக்கு அடுத்து இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு.

அந்த வாக்கியத்தை முதலில் படித்தபோது எங்கோ பார்த்த நினைவு வந்தது. தேடினால், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 44. நின்றுகொண்டு வேலை பார்க்க வேண்டிய எல்லாத் தொழிலாளர்களுக்கும் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும், வேலையின் நடுவில் கிடைக்கும் ஓய்வு வாய்ப்புகளை அவர்கள் பயன்படுத்திக்கொள்வதற்காக. ஏறக்குறைய அதே சொற்கள். ஆலையில் தறிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு 1948-லேயே எழுதி வைத்ததை, அந்தத் தறியில் நெய்த துணியைக் கடையில் நின்று விற்றவருக்கு எழுத 73 வருடம் ஆகியிருக்கிறது.

இத்தனைக்கும் கடை வேலைக்கென்று தனிச் சட்டம் ஆலைச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டிலேயே இங்கே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை, இடைவேளையும் சேர்த்து மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் 1947 சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. உட்காருவதைப் பற்றி மட்டும் அதில் பேச்சில்லை.

ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் விற்பவர் நிற்கவே இல்லை. வெள்ளை மெத்தை விரித்திருக்கும். வாங்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவார்கள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் கடைக்காரர் புடவையை மடியிலிருந்து வீசி விரிப்பார். பழைய பட்டுக்கடைகளில் இன்றும் இந்த மெத்தையைப் பார்க்கலாம். நிற்பது பிற்பாடு வந்த பழக்கம். கண்ணாடி கவுண்டரும் ஆளுயர ரேக்கும் மாடி மாடியாக செக்‌ஷன்களும் வந்தபோது மெத்தை போனது. கூடவே விற்பவரின் இருக்கையும் போனது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த நாற்காலி மட்டும் தங்கிவிட்டது. ஆகவே 'கடை வேலைன்னா நின்னுதானே ஆகணும்' என்று யாராவது சொன்னால், நம் கடைத்தெரு வரலாறு அதற்கு ஒத்துவராது.

கோழிக்கோட்டில் தொடங்கியது

இந்தச் சட்டம் ஒரு அதிகாரியின் மேஜையில் பிறந்தது இல்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பல கடைகளில் அது கிடையாது. பக்கத்து ஓட்டலுக்குப் போய்வர வேண்டும், அதற்கும் அனுமதி வேண்டும். அதனால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். பி. விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைத் திரட்டினார். 'பெண்கூட்டு' என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. கழிப்பறைக்குப் பிறகு உட்காரும் உரிமையைக் கையில் எடுத்தார்கள்.

2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நூறு நாளைத் தாண்டி அது நடந்தது. 2018-ல் கேரள அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதையே நிரந்தரமாக்கியது. அதே வருடம் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு நீண்ட போராட்டம் இல்லை. 2019-ல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தில் விஷயம் பேசப்பட்டு, உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்று, இரண்டு வருடம் கழித்து மசோதாவானது. சண்டை இல்லாமல் கிடைத்தது நல்லதுதான். ஆனால் சண்டை போட்டு வாங்கிய இடத்தில், அந்த உரிமையைக் கண்காணிக்கத் தெருவிலேயே ஆட்கள் இருந்தார்கள். இங்கே அந்தப் பெண்களுக்குச் சட்டம் வந்த செய்தியே வாட்ஸ்அப்பில்தான் வந்தது. சிலருக்கு அதுவும் வரவில்லை.

காலுக்கு என்ன ஆகிறது

பட்டு செக்‌ஷனில் ஒரு அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு வருடமாக அதே தளத்தில் வேலை. அந்தத் தளத்தில் ஊழியர்கள் செருப்புப் போடக்கூடாது, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். அவரைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே தெரியும். இடது பாதத்தைத் தூக்கி வலது பாதத்தின் மேல் வைத்துக்கொள்வார். இரண்டு நிமிடம் கழித்துக் கால் மாற்றிக்கொள்வார். ரேக்கில் சாய்வதுபோல் இருக்கும், ஆனால் சாய மாட்டார். முழங்கையை மட்டும் ஒரு தட்டில் ஊன்றிக்கொள்வார். மேலே கேமரா இருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் பாதம் கனத்து, கொலுசுத் தடம் பள்ளமாகப் பதிந்துவிடும் என்று காட்டினார். அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு என்னால் பதிவேட்டில் 'உண்டு' என்று சும்மா எழுத முடியவில்லை.

நிற்பதற்கும் நடப்பதற்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் உண்டு. காலுக்கு இறங்கிய ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்கு ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்புபோல் வேலை செய்யும். ஒரே இடத்தில் நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் கீழேயே தேங்கும், சிரைகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அந்தப் பாரத்தில் மெல்ல தளர்ந்துபோகும். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அப்படித்தான் வருகின்றன. இடுப்புவலி வேறு. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் மாதவிடாய் நாட்களிலும் எவ்வளவு கூடுதல் வேதனை என்று அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் உடம்புக்கு ஆகாதுதான். கேட்பது நாள் முழுக்க உட்காரும் உரிமை இல்லை, நடுநடுவே கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருக்கிற உரிமை.

இந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் ஊழியர் இ.எஸ்.ஐ.-யில் வருவார். முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதம் கட்டுகிறார், தொழிலாளி 0.75 சதவீதம். கால் வீங்கி மருத்துவச் சான்றோடு விடுப்பு எடுத்தால் நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். மீதி 30 சதவீதம் அந்தப் பெண்ணின் நஷ்டம். முதலாளி கட்டும் சந்தா, அவர் கடையில் எத்தனை பேர் படுத்தாலும் அதே 3.25தான். கடையில் பத்து ஸ்டூல் போட்டாலும் குறையாது, ஒன்றுகூடப் போடாவிட்டாலும் ஏறாது. ஆக, நிற்பதால் வரும் நோய் கடையின் லாபநஷ்டக் கணக்கில் எங்கேயும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத செலவை எந்தக் கடைக்காரரும் தானாகக் குறைக்க மாட்டார். சட்டம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

அண்ணாச்சி சொன்னது

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்ட மனிதர் இல்லை. பி.எஃப். ஒழுங்காகக் கட்டுவார், தீபாவளிக்கு முன்னால் போனஸ் கைக்கு வந்துவிடும். ஸ்டூல்கள் ஏன் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கின்றன என்று கேட்டபோது அவர் சுற்றி வளைக்கவில்லை.

"சார், நாலாயிரம் அஞ்சாயிரம் ரூவாயா எனக்குப் பெருசு? ஒரு பட்டுப்புடவைக்குக் காணாது. ஆனா கஸ்டமர் படியேறி வரும்போது நாலு புள்ளைங்க உக்காந்திருந்தா, கடை தூங்குதுன்னு நெனைச்சுட்டுத் திரும்பிப் போயிருவாங்க. எதிர்க்கடைல எல்லாரும் நிப்பாங்கல்ல?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். அவருடைய பயம் ஸ்டூலைப் பற்றியது இல்லை, எதிர்க்கடையைப் பற்றியது. ஒருவர் மட்டும் ஊழியர்களை உட்காரவைத்தால் அவர் கடை மந்தமாகத் தெரியும். தெரு முழுக்க எல்லாக் கடையிலும் உட்கார்ந்தால் யாரும் மந்தமாகத் தெரியப் போவதில்லை. தொழிலாளர் சட்டத்தைப் பாரமாகவே பார்க்கும் முதலாளிகளிடம் நான் இதைத்தான் சொல்லிவருகிறேன். நல்லது செய்ய நினைக்கும் கடைக்காரருக்கு இந்தச் சட்டம் ஒரு கவசம். 'நானாகக் கொடுக்கவில்லை, சட்டம் சொல்கிறது, எதிர்க்கடைக்கும் இதேதான்' என்று அவர் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் எதிர்க்கடையிலும் சட்டம் நடப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காதவரை அவருக்கு அது தண்டச்செலவு. அரைகுறையாக அமலாகும் சட்டம் தொழிலாளிக்கு உதவாது. சட்டத்தை மதிக்கிற முதலாளியையும் தண்டிக்கும்.

உட்கார்ந்திருந்தால் வேலை நடக்காது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. ஜெர்மனியில் தோன்றிய ஆல்டி சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடுபவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் பில் போடுகிறார்கள். மலிவுக்கும் வேகத்துக்கும் பெயர் வாங்கிய கடை அது. காசுக்கணக்கு பார்க்கத் தெரியாதவர்கள் யாரும் அங்கே நாற்காலி போட்டுவிடவில்லை.

அண்ணாச்சிக்கு நான் காட்டியது வேறொரு கணக்கு, அவருடைய வருகைப் பதிவேடு. மாலை நேரத்து அரை நாள் விடுப்புகள் எந்த செக்‌ஷனில் கூடுதல், ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டு நின்றவர்கள் எந்த செக்‌ஷனில் கூடுதல் என்று அவரையே பக்கம் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். பட்டு செக்‌ஷனில் கைதேர்ந்த ஒருவர் போய்விட்டால், எந்த வீட்டுக்கு எந்த நிறம் பிடிக்கும், யார் வீட்டில் அடுத்து கல்யாணம் என்ற ஞாபகமெல்லாம் அவரோடு போய்விடும். புதிதாக வருபவருக்கு அது வர இரண்டு மூன்று வருடமாகும். அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை. பதிவேட்டை மூடவும் இல்லை.

'வாய்ப்பு' யார் கையில்

சட்டத்தின் குறைக்கு வருகிறேன். பிரிவு 22-ஏ-யில் எல்லாம் 'வாய்ப்பு' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள இருக்கை. சரி, வாய்ப்பு வந்துவிட்டதா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? கடைத் தளத்தில் அது சூப்பர்வைசர். கஸ்டமர் இல்லையா, ரேக்கைத் துடை. துடைத்தாயிற்றா, புடவையை மடி. மடித்தாயிற்றா, வாசலைப் பார்த்து நில். வாய்ப்பு வரவே வராது.

இந்தக் குழி புதிதில்லை. பிரிட்டனில் 1899-லேயே கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது அறையில் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கையே போட்டது. இன்ஸ்பெக்டர் வந்தால் எண்ணிப் பார்த்துவிடலாம், அது ஒரு வசதி. ஆனால் எண்ணிப் பார்ப்பதால் இருக்கையில் யாராவது உட்கார்ந்தார்களா என்பது தெரியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964-ல் வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்குமாக உருவாக்கிய 120-ஆம் உடன்படிக்கையில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். போதுமான இருக்கைகள் கொடுத்தால் மட்டும் போதாது, அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பையும் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. வாய்ப்பு தானாக வரும் என்று காத்திருக்காமல், வாய்ப்பைக் கொடுப்பதையே முதலாளியின் கடமையாக்கியது. சின்ன மாற்றம்தான், ஆனால் பாரம் யார் தோளில் என்பது மாறிவிடுகிறது.

எனக்கு அதிகம் பயன்பட்டது கலிஃபோர்னியா. வேலையின் தன்மை அனுமதிக்கும்போது ஊழியருக்குப் பொருத்தமான இருக்கை தர வேண்டும் என்று அங்கே பழைய விதி ஒன்று உண்டு. ஒரு மருந்துக்கடை நிறுவனத்தின் ஊழியரும் ஒரு வங்கியின் காசாளர்களும் தொடுத்த வழக்குகளை ஒட்டி 2016 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதிக்கு விளக்கம் சொன்னது. முழு நாளையும் மொத்தமாகப் பார்த்து 'இது நிற்கும் வேலை' என்று முத்திரை குத்தக்கூடாது. எந்த இடத்தில் எந்த வேலை நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பில் கவுண்டரில் நடக்கும் வேலையை உட்கார்ந்து செய்ய முடிந்தால், அந்த இடத்தில் இருக்கை வேண்டும், மற்ற நேரத்தில் அவர் ரேக் அடுக்கினாலும் சரி. முதலாளியின் அபிப்பிராயத்தைக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அதுவே முடிவு ஆகாது. அந்த வேலைக்குப் பொருத்தமான இருக்கையே கிடையாது என்று முதலாளி சாதித்தால், அதை அவரேதான் நிரூபிக்கவும் வேண்டும்.

அங்கே இன்னொரு பலமும் இருக்கிறது. 2004-ல் வந்த ஒரு சட்டத்தின்படி ஊழியர்களே அரசின் சார்பில் வழக்குப் போட்டு அபராதம் கேட்கலாம், அதில் ஒரு பங்கு அவர்களுக்கும் கிடைக்கும். வால்மார்ட் நிறுவனம் 2018-ல் கலிஃபோர்னியா காசாளர்களின் இருக்கை வழக்கைத் தீர்த்துக்கொள்ள 6.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நம் ஊர்ச் சட்டம் ஆய்வாளர் படியேறி வருவதை நம்பியிருக்கிறது. அவர் வரும் நாளில் ஸ்டூல் படிக்கட்டுக்கு அடியிலிருந்து வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போகும். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. ஒருவர் எத்தனை தெரு ஏறி இறங்க முடியும்?

வாயைத் திறந்து கேட்பவர் யார்

அந்த அக்காவிடம், "சட்டம் இருக்கு அக்கா, நீங்களே ஸ்டூலை எடுத்துப் போட்டு உக்காரலாமே" என்று ஒருமுறை சொன்னேன். இப்போது நினைத்தாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. அவர் கோபப்படவில்லை. "நான் உக்காந்தா நாளைக்கு வர வேணாம்னு சொல்லிருவாங்க தம்பி. நீங்க வந்து கேப்பீங்களா?" என்றார்.

1947 சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. மேல்முறையீடும் உண்டு. ஆனால் நியமனக் கடிதமே கைக்கு வராத ஒருவர், தான் ஆறு மாதம் வேலை பார்த்ததை நிரூபிப்பதற்கே என்போன்றவர்கள் எழுதும் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பதிவேடு முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. உட்காரும் உரிமை தனியாக நிற்காது. வேலை போகாது என்ற நிச்சயத்தின் மேல்தான் அது உட்கார முடியும்.

இதை இன்னொரு சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24-ஆம் தேதி அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பத்தே நாள். ஆலைத் தொழிலாளிக்குக் கேடு என்று தெரிந்ததும் குரல் கொடுக்கச் சங்கம் இருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு நன்மையாக வந்த சட்டம் படிக்கட்டுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தபோது கேட்க ஆளில்லை. இரண்டு சட்டங்களின் கதியையும் முடிவு செய்தது அவற்றின் வாசகம் இல்லை, யார் பின்னால் நின்றார்கள் என்பதுதான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் பணிப்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் குறித்த தொகுப்புச் சட்டத்திலும் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை என்பது இருக்கிறது. பத்தும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள இடங்களுக்கு அது பொருந்தும். கூடுதல் பலம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரச்சினை சட்ட வாசகங்களின் எண்ணிக்கையில் இல்லை.

கடையில் மாறியது

அன்று நான் 'உண்டு' என்று எழுதாமல் பதிவேட்டை மூடிவிட்டு அண்ணாச்சியிடம் போனேன். அடுத்த சில வாரங்களில் இரண்டு மூன்று முறை பேசினோம். முதலில் அவர் சொன்னது, 'கஸ்டமர் இல்லாதப்ப உக்காரட்டும்' என்று. அப்படியே ஒரு வாரம் விட்டுப் பார்த்தோம். ஒருவரும் உட்காரவில்லை. கேமரா பார்க்கிறது, சூப்பர்வைசர் பார்க்கிறார், முதலில் உட்காரும் ஆளாக யாரும் இருக்க விரும்பவில்லை. 'உட்காரலாம்' என்பது தைரியசாலிகளுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை என்று அந்த வாரத்தில் எனக்குப் புரிந்தது.

கலிஃபோர்னியா தீர்ப்பின் கேள்வியை அப்போதுதான் எடுத்தோம். எந்த வேலையை எங்கே உட்கார்ந்து செய்ய முடியும்? அண்ணாச்சிதான் பதில் சொன்னார், அவருக்குத்தான் அந்தத் தொழில் தெரியும். மடிப்பு. ஒரு கல்யாணக் கூட்டம் வந்துபோனால் முப்பது நாற்பது புடவை பிரிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் முந்தி தெரியும்படி மடித்து, அட்டை வைத்து, கவரில் போட வேண்டும். அதை நின்றுகொண்டு கவுண்டரில் குனிந்து செய்துகொண்டிருந்தார்கள். குனிவதால்தான் இடுப்பு போகிறது. இனி மடிப்பு வேலையை உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்றார் அண்ணாச்சி. செய்யலாம் இல்லை, செய்ய வேண்டும். பட்டு செக்‌ஷனில் ரேக்குகளுக்கு நடுவே பழையபடி ஒரு மெத்தை விரித்தார், மற்ற செக்‌ஷன்களில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல். பில் போடுபவருக்கு உயரமான நாற்காலி. விலைக் குறி ஒட்டுவது, பார்கோடு அடிப்பது, ஸ்டாக் எழுதுவது எல்லாம் உட்காரும் வேலைகள் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு தளத்திலும் ஒட்டச் சொன்னார். சூப்பர்வைசருக்கு அது உத்தரவு. உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் அவர் வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களிலும் ஸ்டூல்கள் மறுபடி ஓரம் போய்விட்டன, கூட்டத்தில் கால் இடறுகிறது என்று. அந்த நாட்களில்தான் நிற்கும் நேரமும் அதிகம். அந்த நாட்களுக்கு மட்டும் ஆட்களை மாற்றி மாற்றி மேல் மாடிக்கு மடிப்பு வேலைக்கு அனுப்பலாம் என்று பேசியிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை. வாசல் வரவேற்பில் நிற்கும் பெண்ணுக்கு எதுவும் மாறவில்லை. அவருடைய வேலை முழுக்க நிற்பதாகவே வைத்திருக்கிறார்கள், கும்பிட்டுக்கொண்டு.

கார்த்திகையில் கணக்கு முடிக்கப் போனபோது பட்டு செக்‌ஷனில் கூட்டமில்லை. அக்கா மெத்தையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு மாம்பழ மஞ்சள் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். படியேறி ஒரு குடும்பம் வந்தது. அவர் எழுந்திருக்கப் போனார். அதற்குள் அந்தப் பாட்டியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே மெத்தையில் ஏறி உட்கார்ந்து, "நீ உக்காருமா, அந்த மஞ்சளையே பிரி, பாப்போம்" என்றார்.